ஞாயிறும் நியாயப்பிரமாணமும்

ஜொகூர் மாநிலத்தில் 2014 ஜனவரி முதல் தேதி தொடங்கி வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாற்றப்பட்டது. 2025 ஜனவரி முதல் தேதியன்றுதான் அது மீண்டும் சனி, ஞாயிறு ஆயிற்று. முஸ்லிம்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகையை இடையூறின்றி நிறைவேற்ற வேண்டும் என்பதே சுல்தான் இப்ராஹிம் அம்மாற்றத்துக்குக் கூறிய காரணம். பக்தியின் அருமை அறிந்த எவரும் அதைக் குறை சொல்லமாட்டார். 1994-க்கு முன்பும் அங்கே வெள்ளியே ஓய்வுநாளாக இருந்தது. ஆயினும் அரசாங்க அலுவலகங்களும் பள்ளிக்கூடங்களும் ஞாயிறு காலையில் இயங்கிவந்த அந்தப் பதினொரு ஆண்டுகளில், கிறிஸ்தவ ஆசிரியரும் குமாஸ்தாவும் மாணவரும், ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்கும்படி தேவன் இட்ட கற்பனையை எவ்விதம் கைக்கொள்வது என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

அந்தக் கற்பனை அடங்கிய பத்துக் கற்பனைகளைப் பலர் மோட்சத்துக்குக் கொடுக்கும் விலையாகக் கருதுகிறார்கள். யாத்திராகமத்தில் சம்பவங்கள் நிகழும் வரிசையைக் கவனித்தால் அந்த எண்ணம் நில்லாது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்று, செங்கடலைக் கடந்து, வனாந்தரத்தில் போஷிக்கப்பட்ட ஜனங்களுக்குத்தான் சீனாய் மலையில் பிரமாணம் அருளப்படுகிறது. மீட்பு முந்தியது, கட்டளை பிந்தியது. ஆகையால்தான், கிரியையினால் ஒருவனும் நீதிமானாவதில்லை என்று வற்புறுத்திய அப்போஸ்தலன் பவுலால், அதே ரோமர் நிருபத்தில் நியாயப்பிரமாணத்தைப் பரிசுத்தமானதென்று போற்றவும் முடிந்தது. சமுதாயத்தில் தீமையை அடக்குவது, மனிதனுக்கு அவன் பாவத்தைக் கண்ணாடிபோல் காட்டுவது, விசுவாசிக்கு வழி காட்டுவது என்று அதற்கு மூன்று பயன்களைச் சொன்ன ஜான் கால்வின், மூன்றாவதையே பிரதானமாகக் கொண்டார்.

ஓய்வுநாள் எந்தக் கிழமை என்பதில் சபைகள் ஒருமனப்பட்டதில்லை. சனிக்கிழமையை ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாருக்கு ஜொகூரின் வெள்ளி, சனி விடுமுறை இடையூறாய் இருந்திராது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் வழியாகத் தமிழரிடம் வேரூன்றிய லூத்தரன் மரபோ வேறு விதமாய்ப் போதிக்கிறது: தன்னளவில் ஒரு நாள் மற்றொரு நாளைவிட மேலானதன்று, தேவவசனத்தைக் கேட்டுக் கற்பதே அக்கற்பனையின் சாரம் என்று மார்ட்டின் லூத்தர் 1529-இல் வெளியிட்ட பெரிய ஞானோபதேசத்தில் எழுதினார். ஞாயிறு மாலையிலோ வேறொரு நாளிலோ ஆராதனைக்குக் கூடியவர்கள் கற்பனையை மீறவில்லை என்பதே என் துணிபும்.

ஆனால் அக்கற்பனைக்குள் நாம் விரைந்து கடந்துவிடும் வேறொரு பகுதி இருக்கிறது. உபாகமம் அதைத் திரும்பக் கூறும்போது, உன்னைப்போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று சொல்லி, நீயும் ஒருகாலத்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினைப்பூட்டுகிறது. ஜொகூரின் குளுவாங், சிகாமாட், கூலாய் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, நாட்கூலியில் குடும்பத்தைக் காப்பாற்றிய மூதாதையரின் சந்ததியாருக்கு இந்த வாசகத்துக்கு வியாக்கியானம் தேவையில்லை. உழைப்பவன் இளைப்பாறும் உரிமையை எஜமானனின் தயவுக்கு விடாமல் தெய்வ ஆணையாகவே வைத்தது நியாயப்பிரமாணம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தரவேண்டும் என்று மலாயாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் விதிப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விதிக்கப்பட்ட ஆணை அது.

ஞாயிறு இப்போது திரும்பி வந்துவிட்டது. ஆலயத்துக்குப் போகத் தடையில்லை. ஆகவே, கடை வைத்திருக்கும் கிறிஸ்தவர்களையும், வீட்டில் பணிப்பெண் அமர்த்தியிருக்கும் கிறிஸ்தவர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: நீங்கள் ஆராதனையில் அமர்ந்திருக்கும் நேரத்தில் உங்கள் சமையலறையிலும் கல்லாவிலும் நிற்பவர் யார் என்று பாருங்கள், அவருக்கும் வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வைக் கூலி பிடிக்காமல் கொடுங்கள்.