சோறு என்றால் சோறுதான்

பால்வாடி என்றால் முட்டை, சத்துமாவு, மதியச் சாப்பாடு. நம் கிராமங்களில் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அந்தச் சாப்பாடு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது தெரிந்ததுதான். ஆனால் சாப்பிடும் நேரம் போக மீதி நேரம் பிள்ளை அங்கே என்ன செய்கிறது?

இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சிலேட்டும் பாடமும் வேண்டாம். டப்பாவைத் திறந்து மூடும், மணலை அள்ளிக் கொட்டும், எதையாவது காட்டி "நாய்" என்று சொல்லும். "ஆமா, கறுப்பு நாய் ஓடுது, பாரு" என்று டீச்சர் பதில் சொன்னால் அதுதான் அன்றைய பாடம். ஒரு சொல் பேசிய பிள்ளை இரண்டு சொல், மூன்று சொல் கோப்பது இப்படிப் பதில் கிடைப்பதால்தான். அதற்கு டீச்சர் தரையில் உட்கார வேண்டும், முகம் பார்க்க வேண்டும், அழுதால் தூக்கி மடியில் வைக்க வேண்டும்.

சாதி நுழைவது இந்த இடத்தில்தான். எந்தப் பதிவேட்டிலும் அது எழுதப்படுவதில்லை. ஊர்த்தெருப் பிள்ளை மடியில் இருக்கும். காலனிப் பிள்ளையை "அங்க போய் உக்காரு" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையாவது வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லும். இரண்டு வயதில் அதற்கு ஏது சொல்? காலையில் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு அழும். நாமும் அடம் என்று நினைத்து இழுத்துக்கொண்டு போய் விடுகிறோம்.

இன்னொன்று மொழி. "சோறு" என்று கேட்கும் பிள்ளையைச் "சாதம்னு சொல்லு" என்று திருத்துவது பல இடங்களில் நடக்கிறது. சேர மன்னன் ஒருவனுக்குப் பெயரே பெருஞ்சோற்று உதியன் சேரலாதன். அவனை யாரும் திருத்தவில்லை! வீட்டுப் பேச்சைக் கேட்டு முகம் சுளித்தால் பிள்ளை நல்ல தமிழ் கற்காது, வாய் மூடத்தான் கற்கும்.

பணியாளர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. எடை பார்ப்பது, கர்ப்பிணிகள் கணக்கு, செல்போனில் பதிவேற்றம் எனக் குறைந்த ஊதியத்தில் அவர்கள் தலையில் அத்தனை வேலை. தலித் பெண் சமைத்தால் பிள்ளையை அனுப்பாத ஊர்த்தெருப் பெற்றோரும் இருக்கிறார்கள்.

மையம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இரண்டு வயதுக் கால் எவ்வளவு தூரம் நடக்கும்? பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் முழுமையாகப் பயன்பெறும் வரை புதிய மையங்களை அவர்கள் அதிகம் வாழும் குடியிருப்புகளில் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபர் 7-ல் உத்தரவிட்டது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்றது 2006 டிசம்பர் உத்தரவு. மனு எழுதும்போது இவற்றைக் குறிப்பிடலாம். 2002-ல் நடந்த 86-வது அரசியல் சட்டத் திருத்தம் 6 முதல் 14 வயது வரைதான் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. ஆறுக்குக் கீழே உள்ளவர்களை அரசின் கொள்கை வழிகாட்டி நெறியில் விட்டுவிட்டது. பலரும் கவனிக்காத ஓட்டை இது.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2-ல். கிராமசபை கூடுவதும் அக்டோபர் 2-ல். கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் அதற்கு முன் ஒரு நாள் காலையில் டீச்சரிடம் சொல்லிவிட்டு அரை மணி நேரம் பால்வாடியில் உட்கார்ந்து பாருங்கள். காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர் பதிவில் இருக்கிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள், யார் மடியில் யார் உட்காருகிறார்கள், உடைந்துவிடும் என்று பூட்டி வைத்த பொம்மைகள் பீரோவை விட்டு எப்போது வெளியே வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கிராமசபையில் அதைப் படியுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஒரு நகலை வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வாருங்கள்.