சிங்கி இறாலின் நீல இரத்தம்

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறை இடுக்குகளில் வாழும் சிங்கி இறாலின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு அல்ல, செம்பு. செம்பைத் தாங்கும் புரதத்தின் பெயர் ஹீமோசயனின். ஆக்சிஜன் இல்லாதபோது இது நிறமற்றது. ஆக்சிஜன் ஏறியதும் நீலமாகும்.

1984-இல் நெதர்லாந்து அறிவியலாளர்கள், இதே பேரினத்தைச் சேர்ந்த கலிபோர்னியச் சிங்கி இறாலின் ஹீமோசயனின் படிகத்தில் எக்ஸ் கதிரைச் செலுத்தி அதன் அமைப்பைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். ஆறு புரத அலகுகள் சேர்ந்த மூலக்கூறு அது. ஒவ்வோர் அலகிலும் இரண்டு செம்பு அணுக்கள் அருகருகே உள்ளன. ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தின் நைட்ரஜன் அணுக்கள், ஒரு செம்புக்கு மூன்றாக, அவற்றைப் பிணைத்திருக்கின்றன. ஆக்சிஜன் இரு செம்புகளுக்கும் இடையே பாலமாக அமர்ந்து, திசுக்களை அடைந்ததும் பிரிகிறது.

பாக் நீரிணையின் நண்டுக்கும் கணவாய்க்கும் இதே செம்பு இணைதான் மூச்சு. நண்டின் ஒடிந்த காலில் கசியும் நீர், காற்றுப் பட்டதும் இளநீலமாவதைக் கவனியுங்கள்.