இலை நுனியில் ஒரு கொக்கி

தொப்பம்பட்டிப் பக்கம் போய் ‘செங்காந்தள்’ என்று கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்கள். ‘கண்வலிக்கிழங்கு’ என்றால் உடனே காட்டைப் பார்த்துக் கை நீட்டுவார்கள். பழனிக்குக் கிழக்கிலும் வடக்கிலும் ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் என்று விரிந்து கிடக்கும் அந்த வானம் பார்த்த பூமியில் அது பணப்பயிர். தமிழ்நாட்டின் மாநிலப் பூ, கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்கும் பூ என்பதெல்லாம் அங்கே இரண்டாம்பட்சம். விதை இந்த வருஷம் கிலோ என்ன விலைக்குப் போகும் என்பதுதான் பேச்சு. வீட்டு வாசலில் ஒரே ஒரு கொடி வளர்க்கிறவருக்கு அந்தக் கவலை கிடையாது. கொடி என்னதான் செய்கிறது என்று வேடிக்கை பார்க்க நேரம் இருக்கும்.

வேடிக்கையை இலையில் தொடங்கலாம். நம் வீட்டுக் கொடிகள் ஏறும் விதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி. அவரையும் சங்குப்பூவும் தண்டையே கயிறாக முறுக்கிக்கொண்டு ஏறும். பாகலும் புடலையும் அதற்கென்றே சுருள் கம்பிகளை நீட்டும். வெற்றிலை கணுவுக்குக் கணு வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும். காந்தளோ தன் இலை நுனியையே மெலிய நீட்டிக் கொக்கியாக வளைத்து வைத்திருக்கிறது. குச்சி ஒன்று தட்டுப்பட்டால், தட்டுப்பட்ட பக்கத்தில் வளர்ச்சி சுணங்கும், எதிர்ப்பக்கத்தில் முந்தும். கொக்கி குச்சியைச் சுற்றி இறுகிவிடும். வெயிலைப் பிடித்துச் சமைக்கிற இலையே ஏணியையும் பிடித்துக்கொள்கிறது.

சார்லஸ் டார்வின் 1865இல் ஏறுகொடிகளைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். காந்தள் இனத்துக் கொடி ஒன்றும் அதில் வருகிறது. தரையோடு இருக்கும் இளஞ்செடியின் முதல் இலைகளில் கொக்கி இல்லை என்பதைக் கவனித்திருக்கிறார். அந்த உயரத்துக்குப் பிடிமானம் எதற்கு? எதுவும் சிக்காத கொக்கி ஒன்றையும் விடாமல் பார்த்துவந்தார். 33 நாள் அது திறந்தே காத்திருந்தது. கடைசி வாரத்தில் வாய் குறுகிக்கொண்டே வந்தது. இப்படி ஏமாந்த கொக்கிகள் கடைசியில் தானாகவே உள்ளுக்குள் சுருண்டு சட்டைப் பொத்தான் போல ஆகிவிடுகின்றன. உங்கள் கொடியிலும் அப்படிப் பொத்தானாகிப்போன இலைகள் ஒன்றிரண்டு இருக்கும். பார்த்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும்.

அதனால் கொடி தலைதூக்கும்போதே பக்கத்தில் மெல்லிய குச்சிகளை ஊன்றிவிட வேண்டும். தடித்த மூங்கில் உதவாது. அந்தச் சின்னக் கொக்கிக்குள் அடங்காது. பயிரிடும் காடுகளில் கிளுவை, விராலிச் செடிகள்மேல் ஏற்றிவிடுவார்கள், இல்லையென்றால் கம்பி கட்டுவார்கள். விதை போட்டு வளர்க்கலாம் என்று நினைக்காதீர்கள், பூப்பதற்கு மூன்று நான்கு வருஷம் பிடிக்கும். கிழங்குதான் சரி. அது கலப்பை மாதிரி வளைந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் உண்டு. இரண்டு கைகளின் நுனியிலும் ஒவ்வொரு முளைதான். அது ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. ஆடியில் இரண்டு மூன்று விரல்கடை ஆழத்தில் படுக்க வைத்து, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் புரட்டாசியிலிருந்து பூக்கத் தொடங்கும். கார்த்திகைப் பூ என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

பூ தலைகீழாகத் தொங்குகிறது. ஆறு இதழ்களும் பின்னால் மடங்கி மேல்நோக்கி எரிகின்றன. இளம்பச்சையில் தொடங்கி, மஞ்சளும் சிவப்புமாகி, சில நாளில் முழுச் சிவப்பாகிவிடும். உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று ஊரில் சொல்வார்கள், எனக்கு வலித்ததில்லை. விசித்திரம் வேறு இடத்தில் இருக்கிறது. மகரந்தக் கால்கள் ஆறும் குடைக்கம்பிகளாக வெளியே விரிகின்றன. சூல்தண்டு அடியிலேயே சட்டென்று செங்கோணத்தில் திரும்பி ஒரு பக்கமாக நீட்டிக்கொள்கிறது. தேன் இருப்பது நடுவில், இவை நிற்பதோ ஓரத்தில். பூச்சியின் வாய்க்கும் தலைக்கும் எட்டாத தூரம். பிறகு மகரந்தம் எப்படிப் போய்ச் சேரும்?

தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 2020இல் விடை சொன்னார்கள். தேனுக்கு வரும் பட்டாம்பூச்சிகளின் சிறகில்தான், அதுவும் அடிப்பக்கத்தில், மகரந்தம் அப்பியிருந்தது. பூக்களை வானம் பார்க்கத் திருப்பி வைத்தபோது சிறகு படுவது குறைந்தது, காய்ப்பிடிப்பும் குறைந்தது. அந்தத் தலைகீழ்த் தோற்றம் சிறகடிப்புக்கு அளவெடுத்துத் தைத்தது. நம் விவசாயிகள் பட்டாம்பூச்சியை மட்டும் நம்பி இருப்பதில்லை. காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுக்குள் பூப்பூவாகப் போய் மகரந்தத்தைக் கையாலேயே சூல்முடியில் தொட்டு வைக்கிறார்கள். ஏக்கர் கணக்கில் அந்த வேலையைச் செய்பவர்களை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு பாடும் விதைக்குள் இருக்கும் கால்ச்சிசின் என்ற நஞ்சுக்காக. உயிரணு இரண்டாகப் பிரியும்போது மரபுத் தொகுப்பை இருபுறமும் இழுக்கும் நுண்ணிய இழைகள் அதற்குள் வளர்கின்றன. டியூபுலின் என்ற புரதத் துணுக்குகள் நுனியில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து இழை நீளும். கொடி வளர்வதைப் போலத்தான். கால்ச்சிசின் அந்தத் துணுக்கைப் பற்றிக்கொள்கிறது. நுனி கிள்ளிய கொடி போல இழை நின்றுவிடுகிறது. பற்றிப் பற்றியே பிழைக்கிற ஒரு செடி, இப்படிப் பற்றிக் கெடுக்கும் பொருளைத் தனக்குள் செய்துவைத்திருப்பதை நான் இன்னும் வியந்து முடிக்கவில்லை.

அளந்து கொடுத்தால் அது மருந்து: யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவீக்கத்தைத் தணிக்கும். 2023இல் மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் மிகச் சிறிய அளவில் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். 1937இல் பிளேக்ஸ்லீ, ஏவரி என்ற இருவர் இதைச் செடிகளில் பூசி, பிரிய முடியாத உயிரணுக்களில் மரபுத் தொகுப்பு இரட்டிப்பதைக் காட்டினார்கள். விதையில்லாத் தர்பூசணி அந்த வழியில் வந்ததுதான்.

அளவு மீறினால் முதலில் அடிபடுவது எந்நேரமும் பிரிந்துகொண்டே இருக்கும் உயிரணுக்கள். குடல் சுவர், எலும்பு மஜ்ஜை, முடிவேர். சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். உயிர் தப்பியவர்களுக்குக்கூட ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொட்டியிருக்கிறது. செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கும் விதையும் கொடிது. கையுறை போட்டுத் தொடுங்கள். ஆடு மாடும் குழந்தைகளும் எட்டாத மூலையில் வையுங்கள்.

காய் முற்றியதும் கொடி மஞ்சளித்துக் காய்ந்து, இருந்த சுவடே தெரியாமல் போய்விடும். செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பழைய கிழங்கு வற்றிப்போக, புதுக் கலப்பை ஒன்று மண்ணுக்குள் அடுத்த ஆடி வரை தூங்கும். அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். கொத்தும்போது வெட்டுப்படாமல் இருக்க மட்டுமில்லை. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதை அவித்துத் தின்றவர்கள் இருக்கிறார்கள்.