இலவச வீட்டுக்கும் மாதச் செலவு உண்டு

செகந்திராபாத் ரயில் நிலையத்தின் 10ஆம் பிளாட்பாரம் பக்கமாக வெளியே வந்தால் போயிகுடா. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், புது போயிகுடாவில், ஐ.டி.எச். காலனி இருக்கிறது. இற்றுப்போன பழைய வீடுகளில் ஏழைக் குடும்பங்கள் பல காலம் காலந்தள்ளி வந்த இடம் அது. தெலங்கானா தனி மாநிலமான 2014ஆம் ஆண்டில் முதலமைச்சராக வந்த கே. சந்திரசேகர ராவ் அந்தப் பகுதியைப் பார்வையிட்டு, பழையதை இடித்துவிட்டு அதே இடத்தில் புது வீடு கட்டித் தருவதாகச் சொன்னார். 2015 நவம்பரில் 396 வீடுகள் கட்டி முடிந்து, அங்கே இருந்த குடும்பங்களிடம் சாவி கொடுக்கப்பட்டது. தரைத்தளம், அதன்மேல் இரண்டு மாடி.  இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை. குடியேறுபவர் கையிலிருந்து ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை.

அந்தக் காலனியைக் காட்டித்தான் 'இரண்டு படுக்கையறை வீட்டுத் திட்டம்' மாநிலம் முழுவதும் விளம்பரமாயிற்று. ஐதராபாத் பெருநகர மாநகராட்சிக்காக மட்டும் ஒரு லட்சம் வீடுகள் என்று திட்டமிட்டார்கள். விண்ணப்பங்கள் 7 லட்சத்துக்கு மேல் வந்து குவிந்தன.

அந்த ஒரு லட்சத்தில் மிகப்பெரிய தொகுதி கொல்லூரில் எழுந்தது. நகருக்கு மேற்கே, சங்காரெட்டி மாவட்ட எல்லைக்குள், வெளிவட்டச் சாலையை ஒட்டிய ஊர் அது. 117 கட்டடங்கள், 15,660 வீடுகள். ஒன்பது, பத்து, பதினொன்று மாடிகள். 2023 ஜூன் 22ஆம் தேதி திறப்பு விழா. செலவு 1,489 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு ஒன்பதரை லட்சம் ஆகிறது. நிலத்தின் விலை இதில் சேரவில்லை.

கொல்லூர் வீடு 560 சதுர அடி; அங்கேயும் இரண்டு படுக்கையறைதான். உள்ளே நுழைந்து பார்த்தால் போயிகுடா வீட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் எல்லாம் வாசற்கதவுக்கு வெளியே இருக்கிறது.

பன்னிரண்டு குடும்பமும் நூற்று முப்பத்து நான்கு குடும்பமும்

போயிகுடாவில் ஒரு மாடிப்படியைச் சுமார் 12 குடும்பங்கள் பங்கிட்டுக் கொள்கின்றன. கொல்லூரில் சராசரியாக ஒரு கட்டடத்துக்கு 134 குடும்பங்கள். பன்னிரண்டு குடும்பம் என்றால் யார் வீட்டுப் பிள்ளை படியில் தண்ணீரைக் கொட்டியது என்று எல்லாருக்கும் தெரியும். சண்டை வந்தாலும் மறுநாள் பேசித்தான் ஆக வேண்டும். மூன்றாம் மாடி கிடையாது. ஆகவே லிப்ட் கிடையாது. லிப்ட் பழுது என்ற பேச்சும் கிடையாது. மோட்டார் ரிப்பேரானால் வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டு அன்றைக்கே சரிசெய்துவிடலாம்.

பதினொரு மாடிக் கட்டடத்தின் கணக்கு வேறு. லிப்ட் ஓட வேண்டும். தண்ணீர் உச்சிக்கு ஏற வேண்டும். பொது விளக்குக்கு மின்கட்டணம், துப்புரவுக்கு ஆள், காவலுக்கு ஆள். குடும்பத்துக்கு மாதம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 134 குடும்பத்துக்கு 26,800 ரூபாய்தான் சேரும். அதுவும் எல்லாரும் கொடுத்தால். தினக்கூலிக்காரர்களில் எத்தனை பேர் மாதம் தவறாமல் கொடுப்பார்கள்? நூறு பேர் கொடுத்து முப்பத்து நான்கு பேர் கொடுக்காவிட்டால், கொடுத்த நூறு பேரும் அடுத்த மாதம் யோசிப்பார்கள். இப்படித்தான் பல ஊர்களில் ஏழைகளுக்குக் கட்டிய உயர்ந்த மாடிகளில் முதலில் லிப்ட் நிற்கிறது, பிறகு தண்ணீர் நிற்கிறது. கொல்லூரில் கடைகள் கட்டி அந்த வாடகையில் பராமரிப்பைப் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாடு சொல்லப்பட்டது. நல்ல யோசனைதான். ஆனால் கடைக்கு வியாபாரம் நடக்க வேண்டுமானால் வீடுகளில் ஆள் இருக்க வேண்டும்.

வீடு ஒதுக்கப்பட்டும் பலர் அங்கே குடிபோகவில்லை என்றும், சிலர் விதிக்கு மாறாக வாடகைக்கு விட்டுவிட்டார்கள் என்றும் பிறகு செய்திகள் வந்தன. இலவசமாகக் கிடைத்த வீட்டை யாராவது காலியாகப் போடுவார்களா என்று கேட்பது சுலபம். பத்மாராவ் நகரில் காலை ஆறரை மணிக்கு நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகிற பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால் விஷயம் விளங்கும்.

தூரத்துக்கு வாடகை

கொல்லூரிலிருந்து செகந்திராபாத் முப்பது கிலோமீட்டருக்கு மேல். 2003 முதல் ஓடுகிற எம்.எம்.டி.எஸ். ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் லிங்கம்பள்ளிக்கு வந்து சேர வேண்டும். 2023 டிசம்பர் முதல் தெலங்கானா அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே அந்தப் பெண்ணுக்கு டிக்கெட் செலவு கிடையாது. ஆனால் போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்றால் நான்கு வீட்டு வேலை இரண்டு வீடாகக் குறைந்துவிடும். மோண்டா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற கணவனுக்கு இலவச டிக்கெட்டும் இல்லை. விடியற்காலையில் லாரி வருகிறபோது அவன் அங்கே நின்றாக வேண்டும். இரவு அங்கேயே நடைபாதையில் படுத்து, வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரலாம். அதற்கு எதற்கு இரண்டு படுக்கையறை?

போயிகுடாவில் வீடு கிடைத்தவர் பிழைப்பை இழக்கவில்லை. வீடு மட்டுமே மாறியது. மளிகைக் கடைக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் கைமாற்றுக் கொடுக்கிற எதிர்வீடு எல்லாம் அப்படியே இருந்தன. கொல்லூரில் வீடு யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முடிவு செய்தது. சிபாரிசுக்கும் லஞ்சத்துக்கும் இடமில்லாமல் செய்ய அதுவே நேர்மையான வழி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் குலுக்கலுக்கு உறவும் தெரியாது, பழக்கமும் தெரியாது. வேலைக்குப் போகிற தாய் யாரிடம் குழந்தையை விட்டுவிட்டுப் போவாள்? பஸ்தியில் பத்து வருஷமாகப் பழகிய அடுத்த வீட்டுக்காரி இப்போது நகரின் வேறொரு மூலையில் இருப்பாள். பத்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்து, குலுக்கலில் விழுந்தால் பத்துக்கும் ஒரே கட்டடத்தில் இடம் கொடுப்பது ஒன்றும் முடியாத காரியமல்ல. கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஒரே கணக்குத்தான்.

சென்னை உறவினர்கள் உள்ளவர்களுக்கு இது புதிய கதை அல்ல. 1970ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் முதலில் நகருக்குள்ளேயே, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டியது. 2000க்குப் பிறகு நகருக்குள் இருந்தவர்களைத் தெற்கே வெகுதூரத்தில் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். கண்ணகி நகரிலும் 15,000க்கு மேற்பட்ட வீடுகள், கொல்லூர் அளவே. பட்டினப்பாக்கத்திலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் பிழைத்தவர்களுக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை என்பது முதல் நாளிலிருந்தே எழுந்த புகார். 'கண்ணகி நகர்' என்று முகவரி சொன்னால் வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்ற குறையும் சேர்ந்துகொண்டது. ஏழைகளை மட்டும் ஒரே இடத்தில் குவித்தால் ஊர்ப்பெயரே ஒரு முத்திரையாகிவிடுகிறது.

இதே நகரத்தின் பழைய பாடம்

ஐதராபாத்துக்கு இந்தக் கேள்வி நூறாண்டுக்கு மேற்பட்டது. 1908 செப்டம்பர் 28ல் மூசி ஆறு பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போனது. விசுவேசுவரய்யா அணைகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். 1912ல் நிஜாம் அரசு நகர மேம்பாட்டு வாரியத்தை அமைத்தது. நெரிசலான பகுதிகளை இடித்துச் சாலை போடுவது மட்டும் அதன் வேலையாக இருக்கவில்லை. இடம் இழந்தவர்களுக்கும் சிறு வருவாய்க்காரர்களுக்கும் பல தரத்தில் வீடு கட்டி வாடகைக்கு விடுவதும் அதன் பொறுப்பாயிற்று. ஒரே அளவு, ஒரே வாடகை என்று வைக்காமல் வருவாய்க்கு ஏற்ற வகை என்று யோசித்திருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமானது 1967ல் ஐதராபாத் மாநகராட்சி தொடங்கிய நகர்ப்புற சமூக வளர்ச்சித் திட்டம். முன்னோடித் திட்டமாகப் பல நகரங்களில் தொடங்கிய இது, மற்ற ஊர்களில் பெரும்பாலும் மங்கிப்போக, இங்கே வேரூன்றியது. பஸ்திகளில் முதலில் பால்வாடி, தையல் வகுப்பு, இளைஞர் மன்றம் என்று சிறிய காரியங்களைச் செய்து மக்களோடு பழகினார்கள். 1970களில் யுனிசெப் துணைக்கு வந்தது. 1980களில் பிரிட்டிஷ் அரசின் உதவி வந்தது. அந்தப் பழக்கத்தின்மேல் வீட்டுத் திட்டம் ஏறி உட்கார்ந்தது. குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா, குறைந்த வட்டியில் வங்கிக் கடன், பொறியாளர் ஆலோசனை. கட்டுவது அவரவர் பொறுப்பு. கொத்தனார்களும் சித்தாள்களும் நிறைந்த பஸ்தியில் கட்டத் தெரியாதவர் யார்? கையில் காசு உள்ளவரை ஒரு அறை, அடுத்த வருஷம் இன்னொரு அறை, மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு மாடி. பட்டா இருக்கிறது, இனி யாரும் இடிக்க மாட்டார்கள் என்ற தைரியம் வந்தால் பணம் தானாகவே சுவருக்குள் போகிறது.

1977ல் உலக வங்கிக் கடனுடன் சென்னையில் தொடங்கிய மனைத் திட்டமும் இந்த வழியில் போனதுதான். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சிறு மனை, கழிப்பறை, குழாய் கொடுத்து மீதியைக் குடும்பத்திடம் விட்டார்கள். இன்று அந்தத் தெருக்களில் போகிறவர் அவை அரசு ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்த மனைகள் என்று சொன்னால் நம்பமாட்டார்.

கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷியின் பெயரை இங்கே குறிப்பிட வேண்டும். ஐதராபாத் இ.சி.ஐ.எல். நிறுவனத்தின் ஊழியர் குடியிருப்பை 1960களின் கடைசியில் வரைந்தவர் அவர். 1980களில் இந்தூரில் 'ஆரண்யா' என்ற குடியிருப்பை வகுத்தார். மூன்றில் இரண்டு பங்கு அளவு மனைகள் பரம ஏழைகளுக்கு. மீதி நடுத்தர, வசதியுள்ள குடும்பங்களுக்கு. வசதியானவர்களுக்கு விற்ற மனையின் லாபம் ஏழையின் மனை விலையைக் குறைத்தது. மனையோடு கழிப்பறையும் சமையலுக்கு ஓர் இடமும். வாசலில் உட்கார்ந்து பேசத் திண்ணை, வீட்டிலேயே சிறு தொழில் செய்ய இடம் என்று பஸ்தி வாழ்க்கையைப் பார்த்துப் போட்ட வரைபடம் அது. 1995ல் ஆகா கான் விருது பெற்றது. விருது கிடக்கட்டும், இட்லி மாவு அரைத்து விற்கிற குடும்பத்துக்கு ஒன்பதாம் மாடியில் கடை போட முடியாது என்பதை நினைவில் வைத்து வரைந்தாரே, அதுதான் பெரிது.

படியேற முடியாதவர்கள்

சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. கதவு 90 சென்டிமீட்டராவது அகலம் வேண்டும். வரைபடம் போடும்போதே சேர்த்தால் இதற்கெல்லாம் செலவு மிகக் குறைவு. கட்டி முடித்தபின் என்றால் சுவரை உடைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லேயே வந்துவிட்டது. இருந்தும் நமது ஊர்க் கட்டடங்களில் முகப்பில் ஒரு சாய்தளமும், அதைத் தாண்டியதும் ஒரு படியும் இருப்பது வழக்கமாகிவிட்டது. ஊனமுற்றவர் ஒருவரிடம், வயதான பெண்மணி ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டி ஒரு மணி நேரம் பேசினாலே இந்தக் கோளாறு தீர்ந்துவிடும். கேட்பதற்கு யாருக்கும் தோன்றுவதில்லை.

தமிழ்க் குடும்பங்கள் எந்தப் பட்டியலில்?

மெட்டுகுடா, லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கின்றன. குவார்ட்டர்ஸ் என்பது வேலை இருக்கிறவரைதான். ஓய்வு பெற்றபின் நான்கு மாதம் வழக்கமான வாடகையில் இருக்கலாம். பிள்ளைகளின் படிப்பு, நோய் போன்ற காரணம் காட்டினால் இன்னும் நான்கு மாதம் இரட்டிப்பு வாடகையில். அதற்குமேல் கிடையாது. முப்பத்தைந்து வருஷம் நகரின் நடுவே இருந்தவர், கையில் வந்த பணத்தை எடுத்துக்கொண்டு புறநகரில் வீடு தேடுகிறார்.

கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்தவர்கள் நிலை இன்னும் சிக்கலானது. பலருடைய ரேஷன் கார்டு இன்னும் சேலத்திலோ விழுப்புரத்திலோ இருக்கிறது. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' ஏற்பாட்டில் அந்தக் கார்டை வைத்து இங்கே அரிசி வாங்கலாம். வீடு வாங்க முடியாது. இரண்டு படுக்கையறை வீட்டுக்குத் தெலங்கானா உணவுப் பாதுகாப்பு அட்டையைத்தான் கேட்டார்கள். இருபது வருஷம் இங்கேயே வாடகை கொடுத்துக்கொண்டு, கார்டை மட்டும் ஊரில் விட்டுவைத்திருப்பவர்கள் மனுப் போடக்கூட முடியவில்லை. குடும்பத்தோடு இங்கேயே தங்குவது என்று முடிவு செய்தவர்கள் ஊர்க் கார்டிலிருந்து பெயரை நீக்கிச் சான்று வாங்கி இங்கே மனுக் கொடுப்பது நல்லது. அதற்கு அலைச்சல் உண்டு. ஆனால் பட்டியல் எப்போது திறக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. திறந்தபின் ஓடினால் நேரம் போதாது.

2023 டிசம்பரில் ஆட்சி மாறி, 2024 மார்ச்சில் பத்ராசலத்தில் 'இந்திரம்மா வீடு' திட்டம் தொடங்கியது. சொந்த மனை உள்ளவர்களுக்கு 5 லட்சம் ரூபாய், வேலை நடக்க நடக்கக் கட்டம் கட்டமாக, குடும்பத்துப் பெண்ணின் பெயரில். கட்டுவது அவரவர் என்பதால் 1970களின் பழைய வழி ஓரளவு திரும்பியிருக்கிறது. கிராமத்துக்கு இது பொருந்தும். நகரத்தில் மனை யாரிடம் இருக்கிறது? மனை உள்ளவர் 'எல்-1' பட்டியல், மனை இல்லாதவர் 'எல்-2' பட்டியல் என்று விண்ணப்பங்களைப் பிரித்தார்கள். போயிகுடா, பன்சிலால்பேட்டை, மெட்டுகுடா ஒண்டுக் குடித்தனக்காரர்களில் கார்டு உள்ளவர்கள் அந்த இரண்டாவது பட்டியலில்தான் வருவார்கள்.