மலை சைக்கிள் தார் ரோட்டில் ஏன் கனக்கிறது?

செட்டியார்பட்டியிலிருந்து ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போக மலிவு விலையில் ஒரு மலை சைக்கிள் வாங்கினீர்கள். மேற்கே மலை தெரிந்தாலும் ரோடு சமதரைதான். அப்புறம் ஏன் மூச்சு வாங்குகிறது?

கனமான இரும்பு ஃபிரேம்தான் காரணம் என்பீர்கள். மேட்டிலும், நின்று கிளம்பும்போதும் அது உண்மை. சமதரையில் பெரிய குற்றவாளி பட்டன் டயர்.

பஞ்சு மெத்தைமேல் நடந்து பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் கால் அமுங்கும். மெத்தை வாங்கிய ஆற்றலை முழுதாகத் திருப்பித் தராது. டயரின் ரப்பர் பட்டன்களும் அப்படித்தான். தரையில் பட்டு நசுங்கி நிமிரும்போதெல்லாம் உங்கள் உழைப்பில் கொஞ்சம் வெப்பமாக வீணாகிறது. முன்பக்க ஷாக் அப்சார்பரும், எழுந்து நின்று மிதித்தால் தன் பங்கை விழுங்கும்.

சரி, இதை வேலைக்குப் போக ஏற்ற சைக்கிளாக எப்படி மாற்றுவது? ஃபிரேம் அப்படியே இருக்கட்டும். வழுவழுப்பான, ஒன்றரை அங்குல டயர் போடுங்கள். அதன் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்குள் காற்றை நன்றாக நிரப்புங்கள். பிறகு மட்கார்டு, கேரியர். காசு கை கொடுத்தால் ஷாக் இல்லாத ஃபோர்க்.

ஒரு எச்சரிக்கை! '26 அங்குலம்' என்று மட்டும் கேட்டு டயர் வாங்காதீர்கள். மலை சைக்கிளின் 26-க்கு ரிம் அளவு 559 மில்லிமீட்டர். பழைய லேடீஸ் சைக்கிள்களில் வரும் 26 x 1 3/8-க்கு 590. ஒன்று மற்றதில் உட்காராது. பழைய டயரில் 559 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.