அடுத்த சிங்கம் யார்?

தமிழ்நாட்டு நர்சரிப் பள்ளிகளில் மாறுவேடப் போட்டி என்றால் யார் யார் மேடையேறுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். முண்டாசும் மீசையுமாகப் பாரதி, வட்டக் கண்ணாடியும் தடியுமாகக் காந்தி, ரோஜாப்பூ குத்திய நேரு, அட்டை வாளோடு வேலு நாச்சியார். கொஞ்சம் புதுமை வேண்டும் என்பவர்கள் பிள்ளையைத் தக்காளியாகவோ கேரட்டாகவோ மாற்றுவார்கள். உடை வாடகைக் கடையிலிருந்து வரும். நான்கு வரி வசனத்தை அம்மா வாரக்கணக்கில் உருப்போட வைப்பார். மூன்றரை வயதுப் பிள்ளை மைக்கைப் பார்த்து விழிக்கும். ஒட்டுமீசை அரிக்கும். கைதட்டலுக்கிடையே இறக்கிவிடுவார்கள்.

அதே பிள்ளை வீட்டில் துப்பட்டாவைச் சேலையாகச் சுற்றிக்கொண்டு, தலையணைகளை வரிசையாக உட்காரவைத்து, "கையக் கட்டு, பேசக் கூடாது" என்று பாடம் எடுக்கும்போது ஒரு சொல்கூடத் தடுமாறுவதில்லை. மிஸ்ஸின் குரல், ஸ்கேலை மேசையில் தட்டும் விதம், சாக்பீஸ் தூசியை ஊதுவது எல்லாம் அப்படியே வரும். முதல் வேஷம் பெரியவர்களுடையது. இரண்டாவதுதான் பிள்ளையுடையது. பள்ளிக்குள் வரவேண்டியது அந்த இரண்டாவது வேஷம்.

இதை ஒரு வகுப்பறை முறையாகவே ஆக்கிக் காட்டியவர் அமெரிக்க ஆசிரியை விவியன் கசின் பேலி. கல்வியாளர் ஜான் டூயி 1896இல் சிகாகோவில் தொடங்கிய சோதனைப் பள்ளியில் பல ஆண்டுகள் மழலையருக்குப் பாடம் சொன்னவர். 1989இல் மெக்ஆர்தர் நல்கை பெற்றார். 2019இல் தம் தொண்ணூறாவது வயதில் காலமானார். வகுப்பில் ஒரு டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, பிள்ளைகள் பேசுவதைப் பிறகு கேட்டு எழுதிக்கொள்வது அவர் வழக்கம். அவருடைய புத்தகங்கள் பெரும்பாலும் அப்படிப் பிறந்தவைதான்.

1981இல் வெளிவந்த ஒரு புத்தகத்தில் வாலி என்ற சிறுவனைப் பற்றிச் சொல்கிறார். சேட்டைக்காரன். தண்டனை நாற்காலியில் அடிக்கடி உட்காருபவன். ஒருநாள் அவன் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, "ஒரு கதை சொல், நான் எழுதிக்கொள்கிறேன்" என்கிறார் பேலி. டைனோசர் ஒன்று ஊரை இடித்து நொறுக்குகிறது, அதைச் சிறையில் போடுகிறார்கள், இனி ஒழுங்காக இருப்பேன் என்று சொன்னதும் விட்டுவிடுகிறார்கள், வீட்டில் அம்மா காத்திருக்கிறாள். இவ்வளவுதான் கதை. இதைப் படிக்கும் எந்த அம்மாவுக்கும் அந்த டைனோசர் யார் என்று தெரியும்.

பேலி அதோடு விடவில்லை. எல்லோரும் சேர்ந்து அந்தக் கதையை நடித்தார்கள். மறுநாளிலிருந்து வகுப்பே மாறியது. அதுவரை கதை சொல்ல அழைத்தால் பெரிதாக ஆர்வம் காட்டாத பிள்ளைகள், சொன்ன கதையை நடிக்கலாம் என்று தெரிந்ததும் போட்டி போட்டார்கள். சிறு பிள்ளைக்குக் கதை என்பது காதால் கேட்டு முடிப்பதல்ல. உடம்பால் செய்து பார்ப்பது. சிங்கம் உறுமியது என்று கேட்டால் போதாது. கை கால்களைத் தரையில் ஊன்றி உறுமியாக வேண்டும்.

அவருடைய இன்னொரு புத்தகத்தில் ஜேசன் என்றொரு சிறுவன் வருகிறான். கையில் எப்போதும் ஒரு ஹெலிகாப்டர், அதன் விசிறி எப்போதும் உடைந்திருக்கும், யாரோடும் சேரமாட்டான். பேலி அவன் கையிலிருந்து ஹெலிகாப்டரைப் பிடுங்கவில்லை. மற்ற பிள்ளைகள் மெல்ல மெல்லத் தங்கள் கதைகளில் அதற்கு இடம் கொடுக்க, அந்த வழியாக அவன் வகுப்புக்குள் வந்தான். இங்கிலாந்தில் இன்று பல மழலையர் வகுப்புகளில் பிள்ளை சொல்லும் கதையை எழுதி நடிக்கும் இந்த முறைக்கு 'ஹெலிகாப்டர் கதைகள்' என்றே பெயர்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையில் அழகான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அக்காவும் தங்கையும் 'அக்கா தங்கை' விளையாட்டு விளையாடுகிறார்கள். நிஜத்தில் அக்கா தங்கை என்ற நினைப்பே இல்லாமல் இருப்பவர்கள், விளையாட்டில் கைகோத்து நடக்கிறார்கள், ஒரே மாதிரி உடுத்திக்கொள்கிறார்கள். அக்கா என்றால் எப்படி இருக்கவேண்டும் என்ற விதி அவர்களுக்குப் புலப்படுவது விளையாட்டில்தான். பாவனை என்றால் இஷ்டத்துக்கு ஆடுவது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஓட ஆசையாக இருந்தாலும் செத்த பாம்பாக நடிக்கும் பிள்ளை அசையாமல் படுத்திருக்கிறது. கையைக் கட்டு என்று ஆயிரம் முறை சொல்லியும் வராத அடக்கம் அது.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரிக்கு இந்தப் பாவனை விளையாட்டில் உடன்பாடு இருக்காது. 1939இல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். சிறு பிள்ளைகளுக்குக் கற்பனை உலகைவிட நிஜ வேலையே நல்லது, பொம்மைத் துடைப்பத்தைவிட அளவுக்கேற்ற உண்மைத் துடைப்பம் கொடுங்கள் என்பது அவர் கட்சி. அவர்மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனாலும் நிஜத் துடைப்பம் கொடுத்த பிள்ளை, பெருக்கி முடித்ததும் அதன்மேல் ஏறிக் குதிரை ஓட்டத்தான் செய்கிறது. அந்தக் குதிரையை இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அவற்றுக்கான 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்திலும், 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் கதைக்கும் பாட்டுக்கும் நடிப்புக்கும் இடம் இருக்கிறது. குறை என்னவென்றால் கதை பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்துதான் வருகிறது. பிள்ளை சொல்லும் கதைக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டால் அதுவே மேடை. உடைக்குப் பழைய துண்டுகள் நாலைந்து இருந்தால் போதும்: தோளில் போட்டால் ராஜா, இடுப்பில் செருகினால் வால்.

எழுதுகிறவருக்குத்தான் பொறுமை வேண்டும். "எங்க தாத்தா பாம்ப அடிச்சிச்சு, பாம்பு ஐஸ்கிரீம் தின்னுச்சு" என்று பிள்ளை சொன்னால் அப்படியே எழுத வேண்டும். 'அடித்தார்' என்று திருத்தினால் அது டீச்சர் கதை ஆகிவிடும். சில நாள் வீட்டில் நடந்த சண்டையும் கதைக்குள் வரும். அப்போது பதறாமல் கேட்டுக்கொண்டு, பிறகு தனியாக அந்தப் பிள்ளையின் வீட்டாரோடு பேசவேண்டும்.

யாருக்கு எந்த வேடம் என்பதில்தான் நம் பள்ளிகள் பெரிய கொடுமை செய்கின்றன. ஆண்டு விழாவில் சிவந்த நிறத்துப் பிள்ளை தேவதை, கறுத்த பிள்ளை மரம் அல்லது அரக்கன். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நான்கு வயதுக்கே அது புரிந்துவிடுகிறது. ஹெலிகாப்டர் கதை வகுப்புகளில் வேடம் வட்டத்தின் வரிசைப்படி வருகிறது. கதையில் சிங்கம் வந்தால் அடுத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் சிங்கம். ராணி வரும்போது முறை ஒரு பையனுடையது என்றால் அவன்தான் ராணி. வேண்டாம் என்று தலையாட்டினால் கட்டாயமில்லை, அதற்கடுத்த பிள்ளை எழுந்து வரும்.