பழங்காசு வாங்குமுன் யோசியுங்கள்

இரண்டாயிரம் வருடப் பழைய காசு என்றதும் பெரிய விலை இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வியாபாரிகள் இதனைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது.

கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டு உரோமச் செப்புக் காசுகள் பலவற்றில் சிறகுள்ள பெண் உருவம் இருக்கும். கிரேக்கர் நைக்கி என்றும் உரோமர் விக்டோரியா என்றும் அழைத்த வெற்றித் தெய்வம் அது. இலங்கையில் இக்காலத்துக் காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. யாழ்ப்பாணத்தில் கந்தரோடையிலும் உரோமக் காசுகள் கண்டெடுக்கப்பட்டன. நயினாதீவிலுள்ள பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டோ, ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆகவே நமது தீவுப்பகுதியில் பழங்காசு அகப்படுவது புதுமையல்ல.

ஆனால் சந்தையில் மலிந்த பொருளுக்கு வயதால் மட்டும் விலை ஏறாது. தேய்ந்த செப்புக் காசு எத்தனை பழையதானாலும் மலிவே. அலெக்சாந்தரின் வெள்ளி நாணயத்துக்கு மதிப்புண்டு. ஒரு பக்கம் ஹெராக்கிளிஸ் தலை, மறுபக்கம் அமர்ந்த சியூஸ், எடை ஏறத்தாழ 17 கிராம். போலிகள் அதிகம் வருவதும் இதில்தான். விளிம்பில் வார்ப்புக் கோடு, மேற்பரப்பில் சிறு குமிழித் துளைகள் தெரிந்தால் வாங்காதீர்கள்.

மண்ணில் கிடைத்த காசை வாங்குவது இன்னும் ஆபத்து. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அத்தகைய பொருள் அரசுக்குரியது. கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும். அனுமதிப்பத்திரமின்றி வெளிநாடு அனுப்பவும் முடியாது.

எங்கிருந்து வந்தது என்பதற்கு எழுத்துமூல ஆதாரம் கேளுங்கள். இல்லையெனில் முதலைப் போடாதீர்கள். கையிலுள்ள காசைப் புளி போட்டு விளக்கவும் வேண்டாம். பளபளப்பு வரும், விலை போய்விடும்.